கைத்தொலைபேசிப் பட்டறை: துளை ஒன்றுதான், ஆனால்...

சுங்கை சிப்புட்டில் கைத்தொலைபேசி பழுதுபார்க்கும் கடை நடத்தும் நம் அன்பர், இந்த இதழில் சார்ஜர் பற்றி வந்த கேள்விகளுக்கு மட்டும் பதில் சொல்கிறார்.

அண்ணே, நான் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறேன். விடியும் முன் தலையில் கட்டிக்கொள்கிற லைட் ஒன்றை பாசார் மாலாமில் (இரவுச் சந்தை) வாங்கினேன். மகனுடைய புதுப் போன் வயர் அதில் அப்படியே பொருந்துகிறது, ஆனால் சார்ஜ் ஏற மாட்டேன் என்கிறது. பழைய சார்ஜரில் போட்டால் ஏறுகிறது. துளை ஒன்றுதானே, ஏன் இப்படி?
*வாசகி, சுங்கை சிப்புட்*

லைட்டும் கெடவில்லை, மகனுடைய சார்ஜரும் கெடவில்லை அக்கா. லைட்டைச் செய்தவன் கஞ்சத்தனம் பண்ணிவிட்டான்.

மகனுடைய வயரைப் பாருங்கள். இரண்டு முனையும் ஒரே மாதிரி, சின்னதாக, ஓரம் வளைந்து இருக்கும். அதுதான் டைப்-சி. பழைய வயரில் ஒரு முனைதான் சி. சார்ஜருக்குள் போகிற முனை அகலமாக, பட்டையாக இருக்கும். அகலத் துளை வைத்த பழைய சார்ஜர் சுவரில் குத்தியதுமே 5 வோல்ட்டைத் தள்ள ஆரம்பித்துவிடும். எதிரே யார் என்று அது கேட்பதில்லை. சி துளை வைத்த சார்ஜர் அப்படியில்லை. மறுமுனையில் ஒரு பொருள் மாட்டியிருக்கிறது என்று தெரிந்த பிறகுதான் மின்சாரத்தை விடும். ‘நான் இருக்கிறேன்’ என்று சொல்வதற்காக அந்தப் பொருளுக்குள் 5.1 கிலோ ஓம் ரெசிஸ்டர் இரண்டு இருக்க வேண்டும். கடுகைவிடச் சின்ன சாமான், விலையும் ஒன்றுமில்லை. மலிவு லைட், கையில் பிடிக்கிற ஃபேன், சில ஸ்பீக்கர்களில் அதையும் மிச்சம் பிடிக்கிறார்கள்.

கடைக்கு வந்த ஒரு தலை லைட்டைத் திறந்து பார்த்தேன். போர்டில் ரெசிஸ்டருக்கு இடம் விட்டிருக்கிறது, ஈயம்கூடத் தடவியிருக்கிறது, சாமானை மட்டும் காணோம்! அப்படிப்பட்ட போர்டு என்றால் நானே ஒட்டித் தந்துவிடுவேன். இடமே விடாத போர்டில் ஒன்றும் செய்ய முடியாது. ஆகவே பழைய சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். வெட்டுக்குப் போகிற வீட்டில் அது இன்னும் கொஞ்ச காலம் வேண்டியிருக்கும்.

எல்லாப் போனுக்கும் ஒரே சார்ஜர் என்று ஐரோப்பா சட்டம் போட்டதாகப் படித்தேன். அதற்கும் நமக்கும் என்ன சம்பந்தம்? ஒரு கம்பெனி எந்தத் துளை வைக்க வேண்டும் என்று அரசாங்கம் சொல்லலாமா?
*ஓய்வுபெற்ற ஆசிரியர், ஈப்போ*

வாத்தியார் ஐயா, முதலில் சம்பந்தத்தைச் சொல்லிவிடுகிறேன். ஐரோப்பாவுக்கு ஒரு துளை, மலேசியாவுக்கு ஒரு துளை என்று வைத்தால் தொழிற்சாலைக்குத்தான் செலவு. 2012 முதல் ஆப்பிளின் சொந்த லைட்னிங் துளையை விடாப்பிடியாக வைத்திருந்த ஐபோன், 2023 செப்டம்பரில் ஐபோன் 15 வந்தபோது சி-க்கு மாறியது. நம் ஊர்க் கடையில் விற்றதும் அதேதான். இங்கிருந்து யாரும் ஐரோப்பிய ஒன்றியத் தலைமையகம் இருக்கும் பிரஸ்ஸல்ஸுக்கு மனு போடவில்லை. பலன் மட்டும் தோட்டத்து லயம் வரைக்கும் வந்து சேர்ந்துவிட்டது.

சொல்லலாமா என்றால், முதலில் அவர்கள் நல்லவிதமாகத்தான் கேட்டார்கள். 2009-இல் ஐரோப்பாவில் 30-க்கும் மேற்பட்ட வகை சார்ஜர்கள் இருந்தன. சி-க்கு முந்திய மைக்ரோ யூஎஸ்பி துளையைப் பொதுவாக வைத்துக்கொள்வோம் என்று நோக்கியா, சாம்சங், ஆப்பிள் எல்லாம் ஒப்புக்கொண்டு கையெழுத்துப் போட்டன. கட்டாயம் இல்லை, விருப்பம்தான். மற்றவர்கள் பெரும்பாலும் மாறினார்கள். ஆப்பிள் ஓர் இணைப்புத் துண்டைத் தனியாக விற்றுக் கணக்கை நேர் செய்துகொண்டது. 2014-இல் ஒப்பந்தமும் முடிந்துபோனது. அப்புறம்தான் சட்டம். 2022 அக்டோபர் 4-ஆம் தேதி ஐரோப்பிய நாடாளுமன்றத்தில் ஆதரவாக 602 ஓட்டு, எதிர்த்து 13. கைத்தொலைபேசி, டேப்லெட், கேமரா, இயர்போன் போன்றவற்றுக்கு 2024 டிசம்பர் 28 முதலும், மடிக்கணினிக்கு 2026 ஏப்ரல் 28 முதலும் சி கட்டாயம் என்று தேதி குறித்தார்கள்.

இப்படிச் சட்டம் போட்டால் புதுமை முடங்கிவிடும் என்று ஆப்பிள் வாதாடியது. அதில் ஞாயமே இல்லை என்று நான் சொல்லமாட்டேன். 2009-இலேயே மைக்ரோ யூஎஸ்பியைச் சட்டமாக்கிப் பூட்டியிருந்தால், 2014-இல் வந்த சி நம் கைக்கு வர இன்னும் நாளாகியிருக்கலாம். நல்லவேளை, இப்போதைய சட்டத்தில் நாளைக்கு இன்னும் நல்லது வந்தால் தரத்தை மாற்றிக்கொள்ள வழி வைத்திருக்கிறார்கள்.

ஆனால் ஐயா, என் மேசை டிராயரை ஒருமுறை வந்து பார்க்க வேண்டும். நோக்கியா ஒரே கம்பெனி. அதற்கே தடித்த ஊசி, மெல்லிய ஊசி என்று இரண்டு. சோனி எரிக்சனுக்குப் பட்டையாக ஒன்று. சாம்சங்கில் மாடலுக்கு ஒன்று. தீபாவளிக்கு உறவுக்காரர் வீட்டுக்குப் போனால் பலகாரத்துக்கு முன்னால் ‘உங்ககிட்ட சின்ன பின்னா, பெரிய பின்னா?’ என்று கேட்ட காலம் அது. அந்த ஊசி வித்தியாசத்தில் என்ன புதுமை இருந்தது என்று சார்ஜர் விற்றுப் பிழைத்த எனக்கே இன்றுவரை புரியவில்லை. தூக்கிப் போடுகிறதும் சும்மா கிடக்கிறதுமாக ஐரோப்பாவில் மட்டும் ஆண்டுக்குச் சுமார் 11,000 டன் சார்ஜர் குப்பை சேர்வதாக அவர்களே கணக்குச் சொன்னார்கள். அரசாங்கம் தாராளமாகச் சொல்லலாம்.

என் போன் அதன் சொந்த சார்ஜரில் மின்னலாக ஏறுகிறது. அண்ணனுடைய மடிக்கணினி சார்ஜரில் போட்டால் ஊர்கிறது. இத்தனைக்கும் அது 65 வாட். போன் கெட்டுவிடுமா?
*கல்லூரி மாணவர், தைப்பிங்*

கெடாது தம்பி. சில கம்பெனிகள் வேகமாக ஏற்றுவதற்குத் தங்களுக்குள் ஒரு தனிப் பாஷை வைத்திருக்கின்றன. தன் சார்ஜர், தன் வயர் என்றால்தான் முழு வேகம். வெளியாள் வந்தால் இரண்டுக்கும் தெரிந்த பொதுப் பாஷையில் பேசி, குறைந்த வேகத்துக்கு இறங்கிவிடும். அந்தப் பொதுப் பாஷையின் பெயர் யூஎஸ்பி பவர் டெலிவரி. 15 வாட்டுக்கு மேல் ஏறும் போன் எதுவானாலும் அது தெரிந்திருக்க வேண்டும் என்று ஐரோப்பியச் சட்டத்தில் இருக்கிறது.

வயரையும் சோதித்துப் பாருங்கள். சாதாரண சி வயர் 3 ஆம்பியர்தான் தாங்கும். 5 ஆம்பியர் போக வேண்டுமென்றால் வயரின் தலைக்குள் ஒரு சிப் இருக்க வேண்டும். வெளியே பார்த்தால் இரண்டும் ஒன்றுபோலவே இருக்கும், எனக்கே மீட்டர் போட்டால்தான் தெரிகிறது. துளையை ஒன்றாக்கிய புண்ணியவான்கள், எத்தனை வாட் தாங்கும் என்று ஒவ்வொரு வயரிலும் பெரிய எழுத்தில் அப்போதே அச்சடிக்கச் சொல்லியிருந்தால் என் கடையில் பாதி வாக்குவாதம் குறைந்திருக்கும்.

புதுப் போன் பெட்டியில் சார்ஜரே இல்லை. பாசார் மாலாமில் 5 வெள்ளிக்குக் கிடைக்கிறதே, வாங்கலாமா?
*மளிகைக் கடைக்காரர், கோலகங்சார்*

வயர் என்றால் உங்கள் இஷ்டம். சுவரில் குத்துகிற கட்டை என்றால் வேண்டாம். 230 வோல்ட்டை 5 வோல்ட் ஆக்குகிற வேலை அதற்குள்தான் நடக்கிறது. சிரிம் தரச் சோதனை லேபிளும் எரிசக்தி ஆணையத்தின் அங்கீகாரமும் இல்லாத கட்டையைத் தலைமாட்டில் குத்திவிட்டுத் தூங்காதீர்கள். பவர் டெலிவரி உள்ள 30 வாட் கட்டை ஒன்று வாங்கினால் வீட்டில் எல்லாப் போனுக்கும் போதும். மடிக்கணினிக்கும் சேர்த்து என்றால் 65.

வயர் துளையில் நிற்காமல் வழுக்கி வழுக்கி விழுகிறது. துளை தேய்ந்துவிட்டதா?
*லாரி ஓட்டுநர், சுங்கை சிப்புட்*

பெரும்பாலும் தேய்மானம் இல்லை, சட்டைப் பைப் பஞ்சு. வயரைக் குத்தக் குத்த அதுவே பஞ்சை உள்ளே தள்ளி அடைத்துவிடும். போனை அணைத்துவிட்டு, பல் குத்துகிற மரக்குச்சியால் ஓரமாக மெதுவாகச் சுரண்டுங்கள். ஊசி, குண்டூசி மட்டும் வேண்டவே வேண்டாம். சி துளைக்கு நடுவே ஒரு மெல்லிய நாக்கு இருக்கும்; அது உடைந்தால் துளையையே மாற்ற வேண்டும். குச்சிக்கு மசியவில்லை என்றால் கடைக்குக் கொண்டு வாருங்கள். செவ்வாய் மதியம் மட்டும் சாத்தியிருக்கும்.