மேற்கால போய் வடக்கால திரும்பு

அன்புள்ள ஆசிரியருக்கு,

காரைக்குடியில் ஒரு ஜவுளிக்கடையில் கணக்குப் பார்க்கிறேன். வயது 32. கடை சாத்தி வீட்டுக்கு வந்து, பிள்ளை தூங்கிய பிறகு எனக்கென்று ஒரு மணி நேரம் கிடைக்கும். அதில் கேம் ஆடுவேன். நண்பர்கள் சொன்னதால் எல்டன் ரிங் வாங்கினேன். ஆரம்பத்துக் குகையை விட்டு வெளியே வந்ததும் எதிரே பொன்கவசம் போட்ட குதிரைவீரன். 17 முறை அவன் கையால் செத்தேன். எப்படியோ தப்பிக் கோட்டை வாசலுக்குப் போனால் அங்கே இன்னொருவன் நின்று அடிக்கிறான். எங்கே போவது, என்ன செய்வது என்று யாரும் சொல்வதில்லை. இது ஆடுகிறவனை மதிக்காத திமிர் இல்லையா? ஒரு ஈஸி மோடாவது வைக்கக் கூடாதா? இப்போது யூடியூபில் ஒருவர் ஆடுவதைப் பார்த்து அதே வழியில் போகிறேன். அது தவறா? தமிழில் இப்படி ஒரு கேம் எப்போது வரும்?

சொ., காரைக்குடி

அன்புள்ள சொ.,

உங்கள் கடிதம் வந்த அன்று காலையில் நான் கானாடுகாத்தானில் ஒரு வீட்டின் கொல்லைப் பக்கம் காரோடு நின்றுகொண்டிருந்தேன். கல்யாணத்துக்குப் போயிருந்தோம். மகள் ஓட்டினாள். கோட்டையூர், பள்ளத்தூர் என்று நான் சைக்கிளில் திரிந்த பாதைதான், ஆனாலும் அவளுக்குப் போன்தான் வழி சொல்ல வேண்டும். வந்து சேர்ந்துவிட்டதாகப் போன் சொன்னது. எதிரே உள்தாழ் போட்ட மரக்கதவு, காய்ந்த வாழைமட்டை, அண்டா கழுவிய தண்ணீர். அந்த வீடுகள் ஒரு தெருவில் தொடங்கி அடுத்த தெருவில் முடிகிறவை. முகப்பு ஒரு தெரு, பின்வாசல் ஒரு தெரு. எது வரவேற்கிற வாசல், எது பாத்திரம் கழுவுகிற வாசல் என்று போனுக்கு யார் சொல்லிக்கொடுப்பது? "இறங்கி யாரையாவது கேளும்மா" என்றேன். "வந்தாச்சுன்னு காட்டுதேப்பா" என்றாள். சுவருக்கு அந்தப் பக்கம் கெட்டிமேளம் கேட்கிறது. வந்தாச்சாம்.

ஆக, ஏற்கெனவே கோபத்தில் இருந்தேன். அதில் கொஞ்சம் உங்கள் மேல் தெறித்தால் பொறுத்துக்கொள்ளுங்கள்.

ஈஸி மோடு வைத்தால் வைக்கட்டும். கை நடுங்குகிறவர், கண் மங்கியவர் நாலு பேர் ஆடிவிட்டுப் போகட்டும், எனக்கு என்ன நஷ்டம்? தமிழில் எப்போது வரும் என்று என்னைக் கேட்காதீர்கள். எனக்குக் கம்ப்யூட்டரை அணைத்துப் போடத் தெரியும், அவ்வளவுதான்.

அந்த 17 சாவுக்கு மட்டும் உங்களைத் திட்டத்தான் வேண்டும். அந்தக் குதிரைக்காரன் சாலையில் ரோந்து போகிறான். சாலைக்கு இரண்டு பக்கமும் புல்வெளி கிடக்கிறது, மரம் நிற்கிறது, குனிந்து பதுங்கிப் போகப் புதர் இருக்கிறது. கொஞ்சம் தள்ளி இடிந்த தேவாலயத்தில் வியாபாரி ஒருவன் தீ மூட்டி உட்கார்ந்திருக்கிறான். சிராவயல் மஞ்சுவிரட்டில் அவிழ்த்துவிட்ட காளை நம் தெருவுக்குள் வந்துவிட்டால் என்ன செய்வீர்கள்? பக்கத்துத் திண்ணையில் ஏறிக்கொள்வீர்கள். கொம்பிலே போய் 17 தடவை மோதிவிட்டு, காளைக்காரனுக்குத் திமிர் என்று கடிதம் எழுத மாட்டீர்கள்.

யாரும் சொல்வதில்லை என்கிறீர்களே, அதுதான் என்னைச் சுட்டது. வெளியே வந்த இடத்திலேயே வெள்ளை முகமூடி போட்ட ஓர் ஆள் நிற்கிறான். கிண்டலடித்துக்கொண்டே கோட்டைக்குப் போ என்கிறான். இளைப்பாறும் இடங்களிலிருந்து பொன்நிறக் கீற்று ஒன்று போக வேண்டிய திசையில் நீளும். இதற்கு மேல் கையைப் பிடித்தா கூட்டிப்போவார்கள்? நீங்கள் தேடியது அம்புக்குறியை. வாயால் சொன்ன வழி உங்கள் காதில் ஏறவில்லை.

கடினம் வேறு, வழி தெரியாமை வேறு. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி என் தலையில் வைக்கிறீர்கள். சண்டை கடினமாக இருந்தால் கை பழக வேண்டும், அது உடம்பு சம்பந்தப்பட்ட விஷயம். வழி தெரியாவிட்டால் கண்ணைத் திறக்க வேண்டும், வாயைத் திறக்க வேண்டும். நம் ஆட்களுக்கு இந்த இரண்டாவது மறந்துகொண்டே வருகிறது. என் மகளையும் சேர்த்துத்தான் சொல்கிறேன்.

2002இல் மொரோவிண்ட் என்று ஒரு விளையாட்டு வந்தது. நீங்கள் அப்போது பள்ளிக்கூடத்தில் இருந்திருப்பீர்கள். கைதியாகக் கப்பலில் வந்து ஒரு சின்னத் துறையில் இறங்குவோம். ஒரு பொட்டலத்தைக் கையில் கொடுத்து, பால்மோரா என்கிற ஊரில் இன்னாரிடம் சேர்த்துவிடு, எங்கே இருக்கிறார் என்று அங்கே ஒரு சாராயக்கடையில் விசாரி என்பார்கள். முக்கியக் கதையின் முதல் வேலையே விசாரிப்பதுதான். கடைக்காரர் எந்தப் படி ஏற வேண்டும், எந்தத் தெருக்கோடி என்று வாயால் சொல்வார். அது நாட்குறிப்பில் நாலு வரியாக ஏறும். வரைபடத்தில் புள்ளி விழாது. பாலத்தைத் தாண்டு, பாறை பிளந்த இடத்தில் கிழக்கே போ என்று சொன்னால் பாலத்தையும் பாறையையும் நாம்தான் கண்டுபிடிக்க வேண்டும். சில வழிகள் தப்பாகவும் இருக்கும். சொன்னவனைச் சபித்துக்கொண்டே மலை சுற்றுவோம்.

அந்த விளையாட்டின் பெட்டிக்குள் ஒரு காகித வரைபடம் வைத்து விற்றார்கள். எனக்குக் கிடைத்ததோ மார்க்கரில் பெயர் எழுதிய சிடி. காரைக்குடியில் ஒரு பிரவுசிங் சென்டரில், மணிக்கு 20 ரூபாய். வரைபடம் இல்லாததால் தினசரிக் காலண்டர் தாள்களின் பின்பக்கத்தில் நானே வரைந்தேன். அமாவாசையில் ஒரு மலை, அஷ்டமியில் ஒரு கோட்டை. ஒரு நாள் சென்டர்காரர் கம்ப்யூட்டரில் இருந்ததையெல்லாம் அழித்தபோது, ஆடிய வரைக்கும் நான் பதிந்துவைத்திருந்த சேவ் எல்லாம் போயிற்று. தாள்கள் இருந்தன. முதலிலிருந்து ஆடினேன், எங்கும் நின்று யோசிக்கவில்லை.

அதே கம்பெனி 2006இல் ஆப்லிவியனைக் கொண்டுவந்தது. திரையின் அடியில் திசைகாட்டி, அதில் போக வேண்டிய இடத்துக்கு ஒரு குறி. அதையும் ஆடினேன், நன்றாகத்தான் இருந்தது. முடித்த பிறகு ஒரு ஊரைக்கூட என்னால் வரைய முடியவில்லை. கண் முழுக்கக் குறிமேலேயே இருந்திருக்கிறது. பின்னால் வந்த எத்தனையோ விளையாட்டுகளில் ஊர் அழகாகிக்கொண்டே போனது, பார்க்கத்தான் ஆள் இல்லை.

பள்ளத்தூரில் என் அப்பத்தா கல்யாண வீடுகளுக்குக் கூலிக்குப் பலகாரம் சுட்டுக்கொடுக்கும். தேன்குழல், சீப்புச் சீடை, அதிரசம். கொண்டுபோய்க் கொடுப்பது நான். செட்டியார் வீடுகளுக்குக் கதவு எண்ணை யாரும் சொல்ல மாட்டார்கள், விலாசம்தான். அ.மு. என்று தலைப்பெழுத்து இருந்தால் ஆனா மூனா வீடு. அப்பத்தாவுக்கு எழுத்துத் தெரியாது. அது வழி சொல்வது இப்படி இருக்கும்:

"ஊருணி வரைக்கும் மேற்கால போ. மேலக்கரையில ஏறி வடக்கால திரும்பு. முகப்புல ரெண்டு சிப்பாய் பொம்மை நிக்கிற வீடு வரும். அது இல்ல. அதத் தாண்டுனா ஒரு சந்து, அதுல நொழையாத. மறு சந்துல நொழ. வேப்பமரத்தடியில கல்லு கெடக்கும். அங்கன நின்னு யாரையும் கேளு."

அந்த 'அது இல்ல' இருக்கிறதே, சொ., அதை எந்த மெஷின் சொல்லும்? எங்கே ஏமாறுவான் பையன் என்று தெரிந்தவர்தான் அதைச் சொல்ல முடியும். அப்பத்தாவின் வழியில் கிணறும் சாவும்தான் அடையாளம். ஒரு மருமகள் விழுந்த கிணறு, அதற்கப்பால் பாம்பு கடித்துச் செத்தவன் வீடு. அதே தெருவை அப்பா சொன்னால் சைக்கிள் கடையும் டீக்கடையும் மட்டும் வரும். இரண்டையும் கேட்டு வளர்ந்தவனுக்கு ஒரே தெருவில் இரண்டு ஊர் இருந்தது.

ஒரு சித்திரை வெயிலில் தப்பாகப் போனேன். சிப்பாய் பொம்மை வைத்த வீடு ஊரில் இரண்டு இருந்திருக்கிறது, அப்பத்தாவுக்கு ஒன்றுதான் கணக்கு. சந்தில் நுழைந்தால் ஒரு பக்கம் முழுக்க ஒரே வீட்டுச் சுவர், முடியவே முடியாது போல. தலையில் தகர டின். கால் சுடுகிறது. ஒரு கதவு திறந்து கிடந்தது, நிழலுக்கு ஒதுங்கினேன். அடுப்படி. ஆள் இல்லை. இன்னொரு கட்டு. அங்கும் இல்லை. நடந்தேன். வளவு வந்தது, வீட்டின் நடுமுற்றம். தூண்களுக்கு நடுவே வெயில் சதுரமாக விழுந்து கிடந்தது. தரையில் பதித்த அந்த ஆத்தங்குடிக் கல்லின் குளிர்ச்சி இன்னும் என் உள்ளங்காலில் இருக்கிறது. ஓரத்துப் பத்தியில் பாய் போட்டுப் படுத்திருந்த ஓர் ஆச்சி கண்ணைத் திறக்காமலே, "யாரு வீட்டுப் பிள்ளை?" என்றது. சொன்னேன். டின்னைத் திறக்கச் சொல்லி இரண்டு தேன்குழலை எடுத்துக்கொண்டது. "கைப்பக்குவம் கொறையல" என்றது. ஆனா மூனா வீடு எது என்று கேட்டேன். "இப்புடியே போ, முகப்புல எறங்கு, எதுத்த வீடு."

முகப்பில் இறங்கினால் எனக்குத் தெரிந்த தெரு. தினமும் பள்ளிக்கூடம் போகிற தெரு! அரை மணி நேரம் சுற்றி வந்த இரண்டு தெருக்களும் ஒரு வீட்டின் இரண்டு முனைகள்.

பல வருடம் கழித்து டார்க் சோல்ஸ் ஆடினேன், 2011இல் வந்தது. மணிக்கணக்காகச் செத்துச் செத்து மேலே ஏறி ஒரு தேவாலயத்துக்குள் போனால் அங்கே ஒரு லிஃப்ட். கீழே இறங்குகிறது. எங்கே கொண்டுபோய்த் தள்ளப்போகிறதோ என்று நிற்கிறேன். வெளியே வந்தால், முதன்முதலில் இளைப்பாறிக் கிளம்பிய அதே நெருப்பு. எழுந்து நின்றுவிட்டேன். நாற்காலிக்குக் கீழே ஆத்தங்குடிக் கல்.

நீங்கள் யூடியூபில் பார்த்துப் போகிறீர்கள். இது தவறு என்று சொல்ல நான் யார்? உங்கள் கடிதத்தில் எனக்கு வலித்த வரி ஒன்றுதான், அந்த ஒரு மணி நேரம். நாள் முழுக்க அடுத்தவர் கணக்கைக் கூட்டிவிட்டு, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு உட்காருகிறவரிடம் போய் வழிதவறு, அதுதான் சுகம் என்று உபதேசம் செய்வது கொழுப்பு. எனக்கு அன்றைக்கு ஒரு முழு சித்திரை மாதம் இருந்தது. அந்த மணி நேரத்தையும் யாரோ ஒருவர் நடந்த தடத்திலேயே நடந்து தீர்க்கிறீர்களே என்கிற ஆற்றாமையில்தான் இவ்வளவு கத்தினேன்.

சரி, கோட்டை வாசலில் அடிவாங்குவதாக எழுதியிருக்கிறீர்கள். அந்த வாசல் இப்போதைக்கு வேண்டாம். திரும்பித் தெற்கால போங்கள். நீளமாக ஒரு பாலம் வரும். பாலத்தில் காவல் இருக்கும், பெரிய அம்பு எய்வான்கள், நின்று சண்டை போடாமல் உங்கள் குதிரையைத் தட்டிவிடுங்கள். பாலம் தாண்டினால் பாதையோரத்தில் கண் தெரியாத ஒரு பெண் உட்கார்ந்திருப்பாள். அவளிடம் ஒரு கடிதம் இருக்கிறது. வாங்கிக்கொள்ளுங்கள். யாருக்கு, எங்கே என்று அவளே சொல்வாள்.