நான்கு வயதுக் குழந்தைக்குப் பழைய லேப்டாப்பைக் கொடுக்கலாமா? எவ்வளவு நேரம்?

கொடுக்கலாம். முதலில் லேப்டாப்பைக் கவிழ்த்துப் பாருங்கள். அடிப்பக்கம் புடைத்திருந்தால் பேட்டரி உப்பியிருக்கிறது. அதைக் குழந்தை கையில் தரவே கூடாது.

விண்டோஸ் 10-க்கான வழக்கமான ஆதரவு 2025 அக்டோபரில் முடிந்துவிட்டதால், நான் அதற்குப் பதில் லினக்ஸ் என்ற இயங்குதளத்தைப் போட்டேன். குழந்தைகள் படம் வரைய டக்ஸ் பெயின்ட், விளையாடிக்கொண்டே கற்க ஜிகாம்ப்ரிஸ். இரண்டும் இலவசம், நெட் இல்லாமலே ஓடும். என் மகள் முதல் நாளே டக்ஸ் பெயின்ட் திரை முழுக்கப் பென்குயின் முத்திரையாகக் குத்தித் தள்ளினாள். வைஃபை கடவுச்சொல்லை மட்டும் போட்டுவைக்காதீர்கள், யூடியூப் வந்தால் பென்குயின் அவ்வளவுதான்.

நேரம்? 2 முதல் 4 வயதுவரை நாளுக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் வேண்டாம் என்கிறது உலக சுகாதார அமைப்பின் 2019 வழிகாட்டுதல். டிவி, போன் எல்லாம் சேர்த்துத்தான். எங்கள் வீட்டில் லேப்டாப்புக்கு அரை மணி. சுவர்க் கடிகாரத்தில் பெரிய முள் ஆறுக்கு வந்தால் மூட வேண்டும். முதல் வாரம் அழுகைதான். அப்புறம் அவளே முள்ளைப் பார்த்துவிட்டு, "இன்னும் ஒரே ஒரு பென்குயின்" என்று பேரம் பேச ஆரம்பித்துவிட்டாள்.