ஹெச்.ஓ.ஏ. கூட்டத்தை உறுப்பினர் வீடியோ எடுப்பது குற்றமா?

"எங்கள் குடியிருப்பின் ஹெச்.ஓ.ஏ. (வீட்டு உரிமையாளர் சங்கம்) கூட்டத்தைக் கைப்பேசியில் வீடியோ எடுத்தேன். எல்லாருடைய சம்மதமும் இல்லாமல் எடுப்பது குற்றம் என்று சொல்லித் தலைவர் நிறுத்திவிட்டார். அவர் சொல்வது சரியா?" என்று கேட்டிருக்கிறீர்கள். மாநிலத்தை நீங்கள் எழுதவில்லை. இதே சொற்களை என்னிடமும் ஒரு தலைவர் சொன்னது புளோரிடாவில் என்பதால், நீங்களும் அங்கேதான் இருக்கிறீர்கள் என்று வைத்துக்கொண்டு எழுதுகிறேன்.

அவர் சொல்வது சரியில்லை. புளோரிடாவில் வீட்டு உரிமையாளர் சங்கங்களுக்கு உரியது மாநிலச் சட்டத்தின் 720-ஆம் அத்தியாயம். அதில் 720.306 பிரிவின் 10-ஆம் உட்பிரிவு, நிர்வாகக் குழுக் கூட்டத்தையும் உறுப்பினர் கூட்டத்தையும் மனை உரிமையாளர் எவரும் ஒலியாகவோ வீடியோவாகவோ பதிவு செய்யலாம் என்று வெளிப்படையாகவே கூறுகிறது. குழுவுக்கு அந்த உட்பிரிவு தருவது, பதிவு செய்யும் முறைக்கு நியாயமான விதிகள் வகுக்கும் அதிகாரத்தை மட்டுமே. தலைவர்கள் காட்டி அச்சுறுத்துவது 934-ஆம் அத்தியாயத்தை. அந்தரங்கப் பேச்சைப் பதிவு செய்யப் பேசுகிற அனைவரின் சம்மதமும் வேண்டும் என்று அது கேட்பது உண்மைதான். ஆனால் உறுப்பினர் எல்லாரும் வந்து அமரக்கூடிய, பதிவு செய்யலாம் என்று சட்டமே அனுமதித்த ஒரு கூட்டத்தில் பேசியதை அந்தரங்கம் என்று எப்படிச் சொல்ல முடியும்?

நான் வழக்கறிஞன் அல்லன். இந்தப் பிரிவுகளை நான் தேடிப் படிக்க நேர்ந்ததற்குக் காரணம் ஒரு புல்வெட்டும் ஒப்பந்தம். டாம்பாவுக்கு வெளியே உள்ள எங்கள் குடியிருப்பில், ஒரு செப்டம்பர் மாதக் கூட்டத்தில், ஒப்பந்தத்தைப் புதுப்பிக்கும் முன் மூன்று நிறுவனங்களிடம் விலை கேட்போம் என்று தலைவர் எழுந்து நின்று சொன்னார். கேள்வி கேட்டவன் நான். என் மனைவி பக்கத்தில் அமர்ந்திருந்தாள். ஜனவரியில் மாதச் சந்தா 22 டாலர் உயர்ந்தது, பழைய நிறுவனமே தொடர்ந்தது. அடுத்த கூட்டத்தில் நான் நினைவூட்டியபோது, அப்படி ஒரு வாக்குறுதியைத் தாம் தரவே இல்லை என்றார். கூட்டக் குறிப்பான மினிட்ஸைப் புரட்டினால், "புல்வெளிப் பராமரிப்பு விவாதிக்கப்பட்டது" என்ற ஒரே வரிதான் இருந்தது. குழு உறுப்பினர் ஒவ்வொருவரும் எப்படி வாக்களித்தார் என்பதை மினிட்ஸில் எழுத வேண்டும் என்று 720.303 பிரிவு சொல்லியும், ஒப்பந்தத்தைப் புதுப்பித்த கூட்டத்தின் குறிப்பில் அதுவும் இல்லை. செப்டம்பரில் உடனிருந்தவர்களில் இருவர் மட்டுமே எனக்காகப் பேசினார்கள். மற்றவர்கள் தலையைக் குனிந்துகொண்டார்கள். 22 டாலரைவிட, அத்தனை அண்டை வீட்டார் முன்னால் பொய்யன்போல நின்றதுதான் இன்றுவரை என்னை உறுத்துகிறது.

அதற்கடுத்த கூட்டத்தில் கைப்பேசியைச் சிறிய முக்காலியில் பொருத்திவைத்தேன். காவல்துறையை அழைப்பேன் என்றார் தலைவர். நான் அச்செடுத்துக் கொண்டுபோயிருந்த சட்டப் பிரிவை அவர் கையில் வாங்கவும் இல்லை, கூட்டத்தையே ஒத்திவைத்தார். பிறகு குழு நான்கு விதிகளை இயற்றியது. இரண்டு நாள் முன்பே எழுத்தில் தெரிவிக்க வேண்டும், கருவி பின்சுவரை ஒட்டி ஓரிடத்தில் நிற்க வேண்டும், வெளிச்சமோ ஓசையோ கூட்டத்தைக் கெடுக்கக் கூடாது என்ற மூன்றையும் நான் உடனே ஏற்றுக்கொண்டேன், ஏனென்றால் சொந்தமாக வாங்கும் அடுக்குமாடி வீடுகளான காண்டோமினியங்களுக்கு மாநில நிர்வாக விதிகளே ஏறத்தாழ இவற்றைத்தான் அனுமதிக்கின்றன. பதிவை எவருக்கும் காட்டும் முன் குழுவின் ஒப்புதல் பெற வேண்டும் என்பது நான்காவது. அது பதிவு செய்யும் முறையைப் பற்றிய விதியே அன்று என்று பதிவுத் தபாலில் எழுதினேன். சங்கத்தின் வழக்கறிஞரிடம் கேட்ட பிறகு அதை அவர்களே நீக்கினார்கள்.

வழக்கு தொடர்பாகக் குழு தன் வழக்கறிஞருடன் பேசும் கூட்டமும், பணியாளர் விவகாரங்களைப் பேசும் கூட்டமும் உறுப்பினருக்குத் திறந்தவை அல்ல. அவற்றில் பதிவு செய்யும் கேள்வியே எழாது.

வந்த இடத்தில் எதற்கு வம்பு என்று நம்மவர்களே என்னிடம் கேட்டார்கள். இந்தப் பதிலுக்குக் கீழும் யாராவது கேட்பார்கள். சந்தா பாக்கி வைத்தால் பாக்கிக்கு ஈடாக என் வீட்டின் மீதே உரிமைப் பற்று (lien) போடவும், கடைசியில் அதை ஏலத்துக்குக் கொண்டுபோகவும் சட்டம் இடம் கொடுத்திருக்கும் ஓர் அமைப்பு அது. அதன் கூட்டத்தில் பேசியது பேசியபடி இருக்க வேண்டும் என்று விரும்புவது வம்பு என்று எனக்குத் தோன்றவில்லை.

கேமரா இருந்தால் சாதாரண மக்கள் வாய் திறக்கத் தயங்குவார்கள் என்ற இன்னொரு மறுப்பை மட்டும் என்னால் அப்படித் தள்ள முடியவில்லை. ஒரு கூட்டத்தில் எங்கள் தெருவின் மூதாட்டி ஒருவர், கணவர் மருத்துவமனையில் இருப்பதால் சந்தா கட்டத் தாமதமாகிறது என்று எழுந்து சொன்னார். கூட்டம் முடிந்ததும் என்னிடம் வந்து, அதுவும் பதிவாகிவிட்டதா என்று கேட்டபோது அவர் குரல் நடுங்கியது. அந்தப் பகுதியை அவர் கண் முன்னாலேயே அழித்தேன். அதன் பிறகு, தொடங்கும் முன் பதிவு செய்கிறேன் என்று எழுந்து அறிவிக்கிறேன். எந்தத் துண்டையும் வாட்ஸ்அப் குழுவில் போடுவதில்லை. நான் படித்த பிரிவுகளில் எதுவும் இதைக் கேட்கவில்லை, ஆனாலும் நீங்களும் இப்படிச் செய்ய வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

உங்களுடையது தனி வீடாக இல்லாமல் காண்டோமினியமாக இருந்தால் 718-ஆம் அத்தியாயம் பொருந்தும். இந்த உரிமை அதிலும் உண்டு. கலிபோர்னியா என்றால் நிலைமை வேறு. அங்கே 1985-இல் வந்த டேவிஸ்-ஸ்டர்லிங் சட்டம் கூட்டங்களைத் திறந்துவைக்கிறதே தவிர, பதிவு செய்யும் உரிமையை உறுப்பினருக்குத் தரவில்லை. குழு தடுத்தால், 30 நாளுக்குள் தர வேண்டிய மினிட்ஸைக் கேட்டு வாங்கிச் சரிபார்ப்பதே உங்களுக்கு உள்ள வழி.

புளோரிடா என்றால், அடுத்த கூட்டத்துக்கு முன், சங்கத்தின் அன்றாட வேலைகளைக் கவனிக்கும் நிர்வாக நிறுவனத்துக்கு மின்னஞ்சல் எழுதுங்கள். 720.306(10) என்று பிரிவு எண்ணைக் குறிப்பிட்டு, பதிவு பற்றிக் குழு விதி ஏதும் இயற்றியிருந்தால் அதன் பிரதியைக் கேளுங்கள். அப்படி விதி இல்லை என்று பதில் வந்தால் அதை அச்செடுத்துக் கையோடு கொண்டுபோங்கள், ஏனென்றால் கூட்டத்தில் உங்களைத் தடுப்பவர் அந்த மின்னஞ்சலைப் பார்த்திருக்க மாட்டார்.