மாற்றுத்திறனாளிகள் என் தளத்துக்கு வருவதே இல்லையே?

கேள்வி: இணையத்தில் ஆயத்த ஆடைகள் விற்கிறேன். மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளத்தைத் திருத்த வேண்டும் என்கிறார் வடிவமைப்பாளர். எனக்கு அப்படி வாடிக்கையாளர்களே இல்லை. செலவு செய்தால் வியாபாரத்துக்கு என்ன லாபம்?

பதில்: இல்லை என்று எதை வைத்துச் சொல்கிறீர்கள்? எனக்குப் பார்வை கிடையாது. திரையில் இருப்பதைக் குரலில் படித்துச் சொல்லும் மென்பொருளின் துணையோடுதான் பொருள் வாங்குகிறேன். உங்கள் தளத்துக்கு நான் வந்திருந்தாலும் வருகைக் கணக்கில் அது தனியாகத் தெரியாது.

அண்மையில் ஓர் இணையக் கடையில் சட்டையைத் தேர்ந்தெடுத்து, அளவைக் குறித்து, முகவரி வரை நிரப்பிவிட்டேன். பணம் கட்டும் பக்கத்தில் பொத்தான்களுக்குப் பெயரே இல்லை; வெறும் படங்கள். "பொத்தான், பொத்தான்" என்று மட்டும் காதில் விழுந்தது. எதை அழுத்துவது? பணம் போகிற இடத்தில் குருட்டாம்போக்கில் அழுத்த நான் தயாரில்லை. வேறு கடையில் வாங்கிவிட்டேன். முந்தைய கடைக்குப் புகார் எழுதவில்லை. பெரும்பாலோர் எழுத மாட்டார்கள். தம்மிடம் பார்வையற்ற வாடிக்கையாளர் யாரும் இல்லை என்றே அந்தக் கடைக்காரரும் நினைத்திருப்பார்.

உலக சுகாதார நிறுவனத்தின் மதிப்பீட்டில், உலகில் சுமார் 130 கோடிப் பேர், அதாவது ஆறில் ஒருவர், குறிப்பிடத்தக்க இயலாமையோடு வாழ்கிறார்கள். எல்லோருக்கும் குடும்பம் உண்டு. எனக்கு வசதியான கடையில்தான் என் வீட்டாரும் வாங்குகிறார்கள்.

உங்கள் தொழிலில் படங்களுக்கு விவரம் எழுதுவதுதான் முதல் வேலை. "கருநீலப் பருத்திச் சட்டை, அரைக்கை, மார்பில் ஒரு பை" என்று எழுதினால் நான் வாங்குவேன். கூகுள் தேடலுக்கும் அது உதவும். படிவத்தின் ஒவ்வொரு கட்டத்துக்கும் பெயர் வேண்டும். சாதாரண அளவு எழுத்துக்கும் பின்னணிக்கும் குறைந்தது 4.5:1 ஒளி வேறுபாடு வேண்டும் என்கிறது இணையத் தர அமைப்பான டபிள்யூ3சி-யின் வழிகாட்டுதல். வெளிர் சாம்பல் எழுத்தை வெயிலில் நின்று படிப்பவரும் உங்களுக்கு நன்றி சொல்வார்.

சட்டமும் இருக்கிறது. தளத்தைப் பயன்படுத்த முடியவில்லை என்று பார்வையற்றோர் தொடுத்த வழக்கில் அமெரிக்காவின் டார்கெட் என்ற சில்லறை விற்பனை நிறுவனம் 2008-இல் 60 லட்சம் டாலர் இழப்பீட்டுக்கு உடன்பட்டது. ஐரோப்பிய ஒன்றியத்தில் 2025 ஜூன் 28 முதல் மாற்றுத்திறனாளிகளும் பயன்படுத்தும்படி தளத்தை அமைப்பது இணைய வணிகத்துக்குச் சட்டக் கடமை; மிகச் சிறிய நிறுவனங்களுக்கு மட்டும் விலக்கு.

இன்றே மவுஸைக் கழற்றி வைத்துவிட்டு, என்னைப் போல விசைப்பலகையால் மட்டும் உங்கள் தளத்தில் ஒரு சட்டை வாங்கிப் பாருங்கள். எங்கே சிக்கிக்கொள்கிறீர்களோ, அந்த இடத்தை முதலில் திருத்தச் சொல்லுங்கள்.