முதலில் வில்லாளிகள்

அன்புள்ள அம்மாவுக்கு,

இங்கிலாந்தின் டௌட்டன் போர்க்களத்துக்குப் போய்வந்ததைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்த பிறகுதான் இதைக் கேட்கத் துணிச்சல் வந்தது. சென்னையில் ஐடி வேலை எனக்கு. சில வருடங்களாக இங்கிலாந்திலிருந்து பிளாஸ்டிக் படைவீரர் பெட்டிகளை வரவழைத்து, வெட்டி, ஒட்டி, வண்ணம் அடித்து வருகிறேன். 28 மில்லிமீட்டர் பொம்மைகள், ரோஜாப் போர்கள் காலத்தவை. பதினைந்தாம் நூற்றாண்டில் இங்கிலாந்து அரியணைக்காக அந்நாட்டுப் பிரபுக்களே இரண்டு கட்சியாக மோதிய போர்கள் அவை. சனிக்கிழமைகளில் நண்பர்களோடு பகடை உருட்டிப் போர் விளையாடுவோம். என் அப்பாவுக்கு இது சிறுபிள்ளைத்தனம். மனைவிக்குச் சாப்பாட்டு மேசை பறிபோன கோபம். சோழர் படையை விட்டுவிட்டு வெள்ளைக்காரன் படை எதற்கு என்று கேட்கும் நண்பர்களும் உண்டு. போரை விளையாட்டாக்குவது தப்பா என்று எனக்கே சில நேரம் உறுத்துகிறது. உங்கள் கருத்து என்ன?

என் வாரிக் பிரபுவின் படையைப் படம் எடுத்து இணைத்திருக்கிறேன். குதிரை வீரர்கள், கொடி பிடிப்பவர் எல்லாம் முடிந்துவிட்டார்கள். பின்னால் நிற்கும் வில்லாளிகளுக்கு ஒரே சிவப்பை அடித்து மேலே வாஷ் என்ற நீர்த்த பழுப்பு வண்ணத்தை ஊற்றிவிட்டேன். சில பேர் இன்னும் வண்ணமே படாமல் பிளாஸ்டிக்கின் சாம்பல் நிறத்திலேயே இருக்கிறார்கள். அவர்கள் கூட்டம் காட்டத்தானே! அடுத்ததாக பிரெஞ்சுப் படைப் பெட்டி ஒன்று வாங்கலாம் என்றிருக்கிறேன். இன்னொரு சந்தேகம்: வண்ணத்துக்கு முன் அடிப்பூச்சாக இங்கே ஸ்ப்ரே பிரைமர் அடித்தால் மணல் மணலாகப் படிகிறது. என்ன செய்யலாம்?

அன்புடன்,
கார்த்திகேயன்

அன்புள்ள கார்த்திகேயன்,

கேட்ட கேள்விகளை முதலில் முடித்துவிடுகிறேன். உண்மையைச் சொன்னால் அவற்றில் எனக்குப் பெரிய அக்கறை இல்லை.

சாப்பாட்டு மேசை விஷயத்தில் நான் உங்கள் மனைவி கட்சி. பழைய சாமான் கடையில் ஒரு சின்ன மேசை வாங்கிப் பால்கனியில் போட்டுக்கொள்ளுங்கள். அப்பாவைத் திருத்த வேண்டாம், அவர் நாள் முழுக்கக் கிரிக்கெட் பார்க்கும்போது நீங்கள் ஏதாவது சொன்னீர்களா? பிரைமர் மணலாகப் படிவதற்குக் காரணம் நம் ஊர் வெயில்தான். டப்பாவிலிருந்து கிளம்பிய பெயின்ட் பொம்மையைத் தொடுவதற்குள் காற்றிலேயே காய்ந்துவிடுகிறது. அக்ரிலிக் பிரைமரை வாங்கித் தூரிகையாலேயே பூசுங்கள். மெல்லிசாக இரண்டு தடவை.

சோழர் படை பற்றிக் கேட்பவர்களிடம், சோழ வீரனின் மேலாடை என்ன நிறம் என்று திருப்பிக் கேளுங்கள். தஞ்சைப் பெரிய கோயில் கல்வெட்டுகளில் படைப்பிரிவுகளின் பெயர்கள் வரிசையாக இருக்கின்றன. உடை வர்ணனை கிடையாது. தெரிந்தவர்கள் செய்யட்டும், நானும் பார்த்துச் சந்தோஷப்படுவேன். போரை விளையாட்டாக்கலாமா என்ற கேள்வியை ஆங்கில எழுத்தாளர் எச்.ஜி. வெல்ஸ் 1913-லேயே எதிர்கொண்டார். தரையில் படுத்து ஈயச் சிப்பாய்களை வைத்து விளையாடிய அந்த மனிதர், விளையாட்டுக்கு விதிப் புத்தகமே எழுதினார். சில தடவை ஆடிப் பார்த்தால் நிஜப் போர் எவ்வளவு பெரிய மடத்தனம் என்று புரிந்துவிடும் என்பது அவர் கட்சி. அடுத்த வருடமே உலகப் போர் வந்தது. அவருடைய பொம்மைகள் அதை உண்டாக்கவும் இல்லை, நிறுத்தவும் இல்லை. போதும்.

இப்போது படத்துக்கு வருவோம். வாரிக்கின் குதிரைச் சேணத்தில் சின்னச் சின்னப் பித்தளைக் குமிழ்கள்கூடத் தனித்தனியாக மின்னுகின்றன. கண்ணாடி போட்டுக்கொண்டு ஒவ்வொன்றாகப் பார்த்தேன், அழகு. கொடியிலிருக்கும் கரடிக்கு நகம்கூட இருக்கிறது. அதற்குப் பின்னால் ஒரு சிவப்புக் கறை. முகம் ஒன்றுதான், காலுறை ஒன்றுதான், எல்லோர் மேலும் ஒரே பழுப்புத் தண்ணீர். கடைசி வரிசைக்கு அதுவும் இல்லை. கொலுவில் கல்யாண செட்டை வைத்து, மாப்பிள்ளைக்கும் பெண்ணுக்கும் ஜரிகை தீட்டி, நாதஸ்வரக்காரரைப் பச்சைக் களிமண்ணாகவே நிறுத்தினால் வீட்டுக்கு வருகிறவர்கள் என்ன சொல்வார்கள்? கூட்டம் காட்டத்தானே என்று வேறு எழுதியிருக்கிறீர்கள். அந்த வரிதான் என்னைப் பதில் எழுத உட்கார வைத்தது.

தம்பி, உங்கள் வில்லாளிகளின் நெஞ்சில் சின்னம் எங்கே?

வாரிக்கின் ஆட்களுக்குச் சிவப்பு மேல்சட்டை, அதில் வெள்ளையில் கிளை வெட்டிய முரட்டுத் தடி. சின்னம் இல்லாத சிவப்பு யாருடைய சிவப்பும் ஆகலாம். அன்றைக்கு இங்கிலாந்தில் நாட்டுக்கென்று ஒரு சீருடை இல்லை. எந்தப் பிரபு கூட்டிவந்தாரோ அவருடைய நிறம், அவருடைய சின்னம். எதிரே நிற்பவனும் அதே மொழி பேசுகிறவன், அதே மாதிரித் தலைக்கவசம் போட்டவன். யாரை வெட்டக்கூடாது என்பதைச் சட்டையைப் பார்த்துத்தான் முடிவு செய்ய வேண்டும்.

உங்கள் வாரிக் செத்த இடத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பார்னெட், 1471 ஏப்ரல் 14, ஈஸ்டர் ஞாயிறு. விடியலில் எதிரில் நிற்பவன் தெரியாத பனிமூட்டம். இரண்டு படைகளும் நேருக்கு நேர் நிற்காமல் கொஞ்சம் விலகி நின்றுவிட்டன. வாரிக்கின் பக்கத்து ஆக்ஸ்ஃபோர்டு பிரபு, எதிரே இருந்த ஹேஸ்டிங்ஸின் பிரிவை அடித்து விரட்டிக்கொண்டு பார்னெட் ஊருக்குள்ளேயே போய்விட்டார். ஆட்கள் கொள்ளையடிக்க இறங்கிவிட்டார்கள். அவர்களைத் திரட்டித் திரும்பி வருவதற்குள் போர் முனை திசை மாறிக் கிடந்தது. ஆக்ஸ்ஃபோர்டு ஆட்களின் சட்டையில் கதிர் விடும் நட்சத்திரம். எதிரி அரசர் எட்வர்டின் சின்னம் கதிர் விடும் சூரியன். மூட்டத்துக்குள்ளிருந்து கதிர்கள் மட்டும் தெரிந்தன. வாரிக்கின் தம்பி மான்டகுவின் ஆட்கள் எட்வர்டின் படைதான் வருகிறது என்று நினைத்து அம்பு விட்டார்கள், சொந்தக் கட்சிக்காரர்கள் மேலேயே. துரோகம் என்று கூச்சல் கிளம்பியது. அதற்கு முன்புவரை ரோஜாப் போர்களில் கட்சி மாறுவது சகஜமாக இருந்ததால் எல்லோரும் அதை உடனே நம்பினார்கள். ஆக்ஸ்ஃபோர்டு தப்பி ஓடினார், மான்டகு செத்தார், ஓடப் பார்த்த வாரிக்கும் செத்தார். அந்தக் காலத்து வரலாற்றுக் குறிப்பு ஒன்றில் இருக்கிற கதை இது. இப்போதைய ஆய்வாளர்களில் சந்தேகப்படுகிறவர்களும் உண்டு. ஆனால் அந்தத் தலைமுறை ஆட்கள் இதைக் கேட்டுவிட்டு, இப்படி நடந்திருக்கும் என்று ஏற்றுக்கொண்டார்கள். எனக்கு அது போதும். பிரபுவின் கொடியை யாரும் தவறாகப் பார்க்கவில்லை. சாதாரண ஆளின் சட்டையைத்தான் பார்த்தார்கள். நீங்கள் நகம் வரைந்தது கொடியில்.

லீட்ஸில் என் மகள் வீட்டுக்குப் பக்கத்து வீட்டில் ஒருவர் இருந்தார். ஓய்வு பெற்ற பஸ் டிரைவர். தோட்டத்துக் கொட்டகையில் மின்சார அடுப்பை மூட்டிக்கொண்டு இதே வேலைதான் செய்வார். எனக்குப் பொழுது போகாத குளிர்காலம், போய் உட்கார்ந்துகொள்வேன். தேநீர் என்ற பெயரில் பாலைக் கொடுப்பார். பொம்மையைத் தொட்டால் உறுமுவார்.

ஒரு வில்லாளியின் காலை அவர் சுத்தம் செய்வதைப் பக்கத்திலிருந்து பார்த்திருக்கிறேன். அச்சின் இரண்டு பாதிகள் சேர்ந்த இடத்தில் தொடையிலிருந்து கணுக்கால் வரை ஒரு மெல்லிய கோடு ஓடும். கத்தியின் முதுகால் அதைச் சுரண்டுவார். பொடிப்பொடியாகச் சாம்பல் நிறத் தூள் விழும். பிறகு நகத்தால் தடவிப் பார்ப்பார். நகம் தட்டினால் மறுபடி சுரண்டல். பிளாஸ்டிக் பசை இரண்டு துண்டையும் லேசாக உருக்கி ஒன்றாக்கிவிடும், அதனால் ஒரு சொட்டு கூடினால் முகம் கரைந்துவிடும். கரைந்தால் அந்தப் பசையைத் திட்டுகிற திட்டு இருக்கிறதே, அதை இங்கே எழுத முடியாது. ஒட்டி முடித்த ஆளை ஒரு மருந்துப் புட்டி மூடியின் மேல் நிறுத்திக்கொண்டுதான் வண்ணத்தைத் தொடுவார்.

அவரிடம் ஒரு சட்டம் இருந்தது. முதலில் வில்லாளிகள், அப்புறம் பில் என்ற நீண்ட கம்பு ஆயுதம் ஏந்தியவர்கள், கடைசியில்தான் பிரபு. "பிரபுவை முதலில் முடித்தால் அன்றைக்கே பெட்டியை மூடிவிடுவோம்" என்பார். உங்கள் படத்தைப் பார்த்தபோது அவர் நினைவுதான் வந்தது.

மேல்சட்டை பிரபு கொடுத்தது, அதனால் எல்லோருக்கும் ஒரே நிறம், ஓரளவு புதுசு. அதற்குக் கீழே இருப்பதெல்லாம் அவனவன் வீட்டுத் துணி. இதை அவர்தான் எனக்குச் சொல்லித் தந்தார். ஒருவனுக்கு வெளுத்த நீலக் காலுறை, இன்னொருவனுக்குச் சாயமே போடாத கம்பளி, ஒருவனுக்கு முழங்காலில் வேறு நிற ஒட்டு. அன்றைய நீலம் வோட் என்ற செடியின் இலையிலிருந்தும், சிவப்பு மஞ்சிட்டி வேரிலிருந்தும் வந்தது. துவைக்கத் துவைக்க மங்கும். அதனால் டப்பாவிலிருந்து வரும் நீலத்தில் அவர் எப்போதும் கொஞ்சம் சாம்பலைக் கலப்பார். துணியை அடுக்கித் தைத்த ஜாக் என்ற மெத்தைச் சட்டை இருக்கிறதல்லவா, பிரான்சில் பதினோராம் லூயி காலத்து ஆணை அதற்கு 25 முதல் 30 மடிப்புத் துணி கேட்கிறது. அதிலும் உடுத்திப் பழகிய துணியே நல்லது என்கிறது. அப்படியிருக்க நீங்கள் அதற்குச் சுண்ணாம்பு வெள்ளை அடித்திருக்கிறீர்கள்.

உங்கள் கடிதம் வந்த வாரத்தில் நான் பிரிட்போர்ட் பட்டியலைப் பற்றித்தான் படித்துக்கொண்டிருந்தேன். டார்செட் மாவட்டத்தில் கடலோரத்து ஊர் அது. 1457-ல் ஊர்க்காரர்களை வரிசையில் நிறுத்தி, யாரிடம் என்ன ஆயுதம் இருக்கிறது என்று ஆள் பெயரோடு எழுதி வைத்தார்கள். அந்தத் தாள் இன்றும் இருக்கிறது. ஒருவனிடம் தலைக்கவசம், ஜாக், வில், அம்பு, கத்தி எல்லாம் உண்டு. அடுத்தவனிடம் வில் உண்டு, அம்பு போதாது. இன்னொருவன் வெறுங்கையோடு வந்திருக்கிறான். குறைகிறவற்றை வாங்கச் சொல்லி உத்தரவு வேறு. உங்கள் பின்வரிசை இதுதான், கார்த்திகேயன். பெயர் தெரிந்த, அம்பு போதாத ஆட்கள்.

உங்கள் பெட்டியில் இருப்பது 40 பேர். கைகளும் தலைகளும் தனித்தனியாக வருகின்றன. ஒரே உடலில் எந்தக் கையை ஒட்டுகிறீர்களோ அதைப் பொறுத்து அவன் வில்லாளியோ பில் ஏந்துபவனோ ஆகிறான். பில் என்பது வேலி கழிக்கும் அரிவாளை நீண்ட கம்பில் ஏற்றியதிலிருந்து வந்த ஆயுதம், விவசாயியின் கைக்குப் பழகியது. இந்தப் பொம்மைகளைச் செதுக்கிய நாட்டிங்ஹாமின் பெர்ரி சகோதரர்கள் இரட்டையர். அவர்களில் ஒருவர், 1996-ல் பிரான்சில் பழைய போர் ஒன்றை நடித்துக் காட்டும்போது பீரங்கி வெடித்ததில் வலது கையை இழந்தார். பிறகு இடது கையால் செதுக்கப் பழகிக்கொண்டார். அப்படிப்பட்ட பட்டறையிலிருந்து வந்த முகங்களைத்தான் நீங்கள் ஒரே பழுப்புத் தண்ணீரில் முக்கியிருக்கிறீர்கள்.

அதே 1996-ல்தான் டௌட்டனில் கட்டட வேலைக்குத் தோண்டியபோது, அங்கே போரில் செத்தவர்களைப் புதைத்த குழி அகப்பட்டது. 1461 மார்ச் 29, குருத்தோலை ஞாயிறு, பனிப் புயலில் நடந்த போர். 28,000 பேர் செத்தார்கள் என்று அப்போதே எழுதினார்கள். அது மிகை என்கிறார்கள் இன்று. குழியில் கிடைத்தது குறைந்தது 37 பேர், ஏறக்குறைய உங்கள் ஒரு பெட்டி. பிராட்ஃபோர்டு பல்கலைக்கழகத்தார் எலும்புகளை ஆராய்ந்தார்கள். வெட்டெல்லாம் பெரும்பாலும் தலையில். ஒருவனுடைய தாடையில் பழைய வெட்டு, நன்றாக ஆறிப்போனது. முந்தைய ஏதோ சண்டையில் வாங்கி, குணமாகி, மறுபடி வந்து நின்றிருக்கிறான். அவனைச் செய்யுங்கள். தாடையில் தோல் நிறத்தைவிட ஒரு மாற்று வெளிறிய ஒரே கோடு, மிகச் சின்னத் தூரிகையால். இரண்டு நிமிட வேலை.

அந்தப் பஸ் டிரைவர்தான் என்னை டௌட்டனுக்குக் கூட்டிப்போனவர். சாக்ஸ்டன் தேவாலயத்து முற்றத்தில் டேக்கர் பிரபுவின் கல்லறை இருக்கிறது. தண்ணீர் குடிக்கக் கவசத்தைக் கழற்றியபோது மரத்தில் ஒளிந்திருந்த ஒரு பையன் அம்பு விட்டுக் கொன்றான் என்பது ஊர்க் கதை. எல்லோரும் அங்கே நின்று படம் எடுத்தார்கள். இவர் காரைவிட்டே இறங்கவில்லை. "அந்தப் பையன் பெயர் என்னவாம்?" என்று மட்டும் கேட்டார். எனக்கு அது கொஞ்சம் அதிகமாகப் பட்டது, பிரபுவும் மனிதர்தானே. ஆனால் அவரிடம் வாதாட முடியாது.

ஆகவே பிரெஞ்சுப் பெட்டி இப்போது வேண்டாம். சுங்க வரி கட்டிக் கொண்டுவந்து அலமாரியில் அடுக்குவதற்கு அது ஊறுகாய் ஜாடியா? முதலில் சாம்பலாக நிற்பவர்களை எடுங்கள். நாலைந்து பேராக மேசையில் வைத்துக்கொண்டு சட்டைகளை ஒன்றாக அடியுங்கள், காலுறைகளை ஒருபோதும் ஒன்றாக அடிக்காதீர்கள். எல்லோர் நெஞ்சிலும் தடிச் சின்னம் வரட்டும், கோணலாக வந்தாலும் பரவாயில்லை, அன்றைக்கும் கோணலாகத்தான் தைத்திருப்பார்கள். இரண்டு பேருக்கு அம்புக்கட்டை ஒட்டாமல் விடுங்கள். பசை திறந்திருக்கும்போது ஏசி அறையில் சன்னலைச் சாத்திக்கொண்டு உட்காராதீர்கள்.

முடிந்ததும் படம் அனுப்புங்கள். எடுக்கும்போது குதிரைக்காரர்களை மேசையிலிருந்து இறக்கிவிடுங்கள்.

அன்புடன்,
அம்மா