12 அடிச் சந்தில் வீடு கட்டுகிறோம். லோடு எப்படி இறக்குவது?

கேள்வி: திருவல்லிக்கேணியில் 20-க்கு 50 அடி மனையில் தரைத்தளமும் மாடியும் கட்டப்போகிறோம். தெரு 12 அடிதான், நடுவில் ஒரு திருப்பம் வேறு. மனைக்குள் பொருள் வைக்க இடமில்லை. மொத்தமாக வாங்கி இறக்கிவிட்டால் செலவு குறையும் என்கிறார் மேஸ்திரி. சரியா?

பதில்: வேண்டாம். உங்கள் தெருவுக்கு அது ஒத்துவராது. லோடு விலையில் மிச்சமாகும் பணம், தெருமுனையிலிருந்து மறுபடி அள்ளிச் சுமக்கும் கூலியிலும் சேதாரத்திலும் போய்விடும்.

முதலில் டேப்பை எடுத்துக்கொண்டு மெயின் ரோட்டிலிருந்து மனை வரைக்கும் ஒருமுறை நடந்துவாருங்கள். பெரிய டிப்பரின் அகலமே எட்டடிக்கு மேல். இரண்டு பக்கமும் பைக் நின்றால் திருப்பத்தில் அது மாட்டும். தாழ்வாகத் தொங்கும் கேபிள்களையும் மின்கம்பிகளையும் குறித்துக்கொள்ளுங்கள். டிப்பர் தொட்டியைத் தூக்கும்போதுதான் அந்த ஆபத்து தெரியவரும். பகலில் கனரக வண்டிகளுக்கு நகருக்குள் கட்டுப்பாடு உண்டு. உங்கள் சாலைக்கு எந்த நேரம் அனுமதி என்று போக்குவரத்துக் காவலில் கேட்டுவிடுங்கள்.

அப்புறம், வேலையிலிருந்து பின்னோக்கிக் கணக்குப் போடுங்கள். உங்கள் மேல்தளம் 750 சதுர அடி, 5 அங்குல கனம் என்று வைத்துக்கொள்வோம். பீமும் சேர்த்தால் சுமார் 12 கன மீட்டர் கான்கிரீட். எம்20 என்ற தரத்துக் கான்கிரீட் கலவைக்குக் கன மீட்டருக்கு ஏறக்குறைய 8 மூட்டை சிமென்ட், 15 கன அடி எம் சாண்ட் (கல்லை உடைத்துச் செய்யும் மணல்), 30 கன அடி ஜல்லி. ஆக ஒரே நாளில் 96 மூட்டையும், 1.8 யூனிட் (ஒரு யூனிட் 100 கன அடி) மணலும், 3.6 யூனிட் ஜல்லியும் கையருகே இருக்க வேண்டும். உங்கள் சந்தில் இதற்கு இடமில்லை. அதனால் தளத்துக்கு மட்டும் ரெடிமிக்ஸ், அதாவது ஆலையிலேயே கலந்து வண்டியில் வரும் கான்கிரீட். செங்கல் கட்டுக்கும் பூச்சுக்கும் வாரத்துக்கு வேண்டியதைச் சின்ன வண்டியில். குட்டி யானையில் 15 மூட்டை சிமென்ட் வரும், அது போதும்.

ரெடிமிக்ஸ் வண்டி சந்துக்குள் வர வேண்டியதில்லை. மெயின் ரோட்டில் நின்றபடி பம்ப்பில் ஏற்றி, குழாயை வீடு வரை இழுத்துவிடலாம். ஆனால் நேரம் முக்கியம்: லோடு ஏற்றியதிலிருந்து 2 மணி நேரத்துக்குள் இறக்கியாக வேண்டும் என்கிறது இந்தியத் தரக் குறியீடு ஐ.எஸ். 4926. ஒருமுறை என் சைட்டில் யாரோ காரைத் தெருமுனையில் நிறுத்திவிட்டுப் போய்விட்டார்கள். காரை எடுப்பதற்குள் நேரம் தாண்டிவிட்டது. கலவை இறுகத் தொடங்க, ஓட்டுநர் ஹோஸை எடுத்துத் தண்ணீர் விடப் போனார். தடுத்து, வண்டியைத் திருப்பி அனுப்பினேன். பணம் போனது வலித்தது. ஆனால் தண்ணீர் விட்ட கான்கிரீட் பலத்தை இழக்கும், அதன் கீழே ஒரு குடும்பம் தூங்கப்போகிறது. டெலிவரி ரசீதில் இருக்கும் லோடு ஏற்றிய நேரத்தை நீங்களே பார்த்துவிடுங்கள்.

மணல் வண்டி வந்தால் கொட்டுவதற்கு முன் அளந்துவிடுங்கள். மெல்லிய கம்பியை ஐந்து இடங்களில் அடிவரை குத்தி சராசரி உயரம் எடுங்கள். நீளம் 10, அகலம் 6, உயரம் 2.5 அடி என்றால் 150 கன அடி, அதாவது ஒன்றரை யூனிட். கழுவிய எம் சாண்ட் ஈரமாக வந்தால் உப்பியிருக்கும். 20, 25 சதவீதம்கூடக் கூடுதலாகக் காட்டும். அதைச் சொல்லியே விலை பேசுங்கள்.

தரைத்தளத்தின் மேல்தளம் தயாரானதும் எல்லோரும் செய்யும் தவறு, பொருளை அதன் மேல் குவிப்பது. குடியிருப்புத் தளத்தைச் சதுர மீட்டருக்குச் சுமார் 200 கிலோ பாரத்துக்குத்தான் வடிவமைக்கிறோம். 3 அடி உயர மணல் குவியல் அதே இடத்தில் 1,400 கிலோவைத் தாண்டும். தளத்தைக் கீழிருந்து தாங்கும் முட்டுகளை எடுத்த பிறகு இது மிக ஆபத்து. மணலைத் தரைத்தள அறைகளிலேயே போடுங்கள். சிமென்ட்டை அங்கே பலகை மேல், சுவரிலிருந்து ஓரடி தள்ளி, 10 மூட்டைக்கு மேல் உயராமல் அடுக்கி, முதலில் வந்ததை முதலில் எடுங்கள். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒரு வாரத்துக்கு மேல் இருப்பு வேண்டாம்.

கம்பி 12 மீட்டர் நீளம். சந்துத் திருப்பத்தில் மடித்த கம்பிகூடச் சுவரைக் கீறும். வெட்டி வளைத்த கம்பியாகவே வரவழைத்தால் அந்தத் தொல்லை இல்லை.

அக்கம்பக்கத்தாரிடம் லோடு வரும் தேதியையும் நேரத்தையும் முந்தைய நாளே வீடு வீடாகச் சொல்லுங்கள். வயதானவர் இருக்கும் வீடு எது என்று கேட்டுவைத்து, எந்நேரமும் அந்த வாசல் வரை ஆம்புலன்ஸ் வர வழிவிடுங்கள். கான்கிரீட் போட்ட அன்றே தெருவைக் கூட்டி அள்ளுங்கள். சிமென்ட் பாலை மழைநீர் வடிகாலில் கழுவிவிட்டால் உள்ளே இறுகிவிடும். அடுத்த மழைக்குத் தெருவே தேங்கும்.