காற்றுச் சுரங்கத்தில் விமான மாடலை வைத்துச் செய்யும் ஃபிளட்டர் சோதனையில் காற்றுக்குப் பதிலாக ஏசி வாயுவை நிரப்புவது ஏன்?

முக்கியக் காரணம் மாடலின் எடை. ஃபிளட்டர் என்பது இறக்கையின் வளைவும் முறுக்கும் சேர்ந்து, காற்றோட்டத்திலிருந்து ஆற்றலை இழுத்து வளரும் அதிர்வு. இதற்கு வடிவப் பொருத்தம் மட்டும் போதாது. இறக்கை எடைக்கும் சுற்றியுள்ள வாயுவின் எடைக்கும் உள்ள விகிதமும் அசல் விமானத்தோடு ஒத்துப்போக வேண்டும். சாதாரணக் காற்றில் அதற்கேற்ற மாடல் மிக லேசாகிவிடும். தொட்டாலே நொறுங்கும் என்றால் யார் செய்வது?

நாசா லாங்லியின் டிரான்சானிக் டைனமிக்ஸ் டனல் என்ற காற்றுச் சுரங்கத்தில் நிரப்புவது ஆர்-134ஏ என்ற ஏசி வாயு. காற்றைவிடச் சுமார் 3.5 மடங்கு அடர்த்தி, எனவே மாடல் கனமாக இருக்கலாம். ஒலிவேகமும் ஏறக்குறையப் பாதிதான். அதே மாக் எண்ணுக்கு (ஓட்ட வேகம் ஒலிவேகத்தைப் போல எத்தனை மடங்கு என்பது) ஓட்டமும் பாதி வேகம் போதும், விசிறிக்கு மின்சாரம் மிச்சம்.

அதிர்வு கட்டுமீறினால் விசிறி வேகம் தணியும்வரை இறக்கை தாங்காது. உடனே பைபாஸ் வால்வுகளைத் திறந்து ஓட்டத்தின் வேகத்தைச் சட்டென இறக்குவார்கள். அப்படியும் பிய்ந்தால், துண்டுகள் விசிறிக்குப் போகாமல் வழியில் வலை உண்டு.